பாதிப் பெயர்

ஒரு பூஞ்சையைப் பார்த்துவிட்டு, அதன் பேரினத்தை மட்டும் எழுதி, பக்கத்தில் 'எஸ்பி' என்று போட்டு நிறுத்திக்கொள்வது எனக்கு நெடுங்காலம் கௌரவப் பிரச்சினையாக இருந்தது. 'ஃபியூசேரியம் எஸ்பி' என்றால், ஃபியூசேரியம் பேரினத்தைச் சேர்ந்தது, எந்தச் சிற்றினம் என்று சொல்வதற்கில்லை என்று அர்த்தம். உலகெங்கும் பூஞ்சை ஆய்வாளர்கள் தினமும் எழுதுவதுதான். இன்னொருவர் எழுதினால் நிதானமானவர் என்று மெச்சுவேன். நான் எழுதினால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று உதறும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நெல்லைவிட, நெல்லை அழுகவைக்கும் பூஞ்சைகளைத்தான் பிடிக்கும். பெருங்குடி ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவத்தின் பேரைச் சொல்லித்தான் வீட்டில் நாள் கணக்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்ப ஆரம்பித்தபோது அந்த நிலம் கைமாறியது. வீட்டில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பத்திரம் பதிவாவதற்கு முந்தின வாரம் வரப்போரமாக நான்கு இடத்தில் மண் அள்ளி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அம்மாவிடம் இதைக் கடைசிவரை சொன்னதில்லை.

படித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், தாவரவியல் உயராய்வு மையத்தில். 19பி பேருந்தில் சைதாப்பேட்டை, அங்கிருந்து இன்னொரு பேருந்து. அந்த மையத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1944-ல் டி.எஸ். சதாசிவன் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அவர் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் பயின்றவர். கோதுமை வைக்கோல் மண்ணில் மட்கும்போது எந்தெந்தப் பூஞ்சை எந்த வரிசையில் வந்து குடியேறுகிறது, அதில் கோதுமையின் அடித்தண்டை அழுகவைக்கும் ஃபியூசேரியம் குல்மோரம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, 1939-ல் கட்டுரை வெளியிட்டவர். சென்னையில் அவரிடம் ஆராய்ச்சி செய்த சி.வி. சுப்பிரமணியன், தென்னிந்திய ஃபியூசேரியங்களைப் பற்றி 1950களில் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1971-ல் வந்த அவருடைய 'ஹைபோமைசீட்ஸ்' பெரும் புத்தகம் எங்கள் மேஜையில் எப்போதும் இருக்கும். அவர் விவரித்த பூஞ்சைகளின் மூல மாதிரிகளில் 'எம்.யு.பி.எல்.' என்ற எழுத்துகளும் ஒரு எண்ணும் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகம் என்பதன் சுருக்கம். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்த எண்ணைச் சொல்லி மாதிரியைக் கேட்கலாம். பெயர் வைப்பதென்றால் இப்படி வைக்க வேண்டும் என்று அந்த வயதில் எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. எண்ணைவிடப் பெயர்தான் என் கண்ணில் பட்டது என்பது வேறு விஷயம்.

வேலையின் அடிப்படை எளிது. நோயுற்ற செடியின் வேரையோ அடித்தண்டையோ கழுவி, நோய்ப்பட்ட பாகமும் நல்ல பாகமும் சந்திக்கிற ஓரத்தில் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். சோடியம் ஹைபோகுளோரைட்டில் சற்று நேரம் போட்டு, நுண்ணுயிர் நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒற்றியெடுத்து, அகார் தட்டில் வைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு உருளைக்கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20, அகார் 20. கிழங்கை வேகவைத்து வடிகட்டும்போது ஆய்வகம் முழுக்கக் கல்யாண வீட்டுச் சமையலறை வாசனை வரும்.

சிக்கல் அதன் பிறகுதான். நெல், சோளம், மக்காச்சோளம், எதன் அழுகிய வேரை வைத்தாலும் இரண்டு மூன்று நாளில் ஃபியூசேரியம் வந்து நிற்கும். அழுகியது எதுவானாலும் அது வரும். திருட்டு நடந்த வீட்டு வாசலில் கூடிய கூட்டத்தில் முதலில் கண்ணில் பட்டவனைப் பிடித்துக்கொண்டு போவதற்கும், அந்த ஃபியூசேரியத்தை நோய்க்காரணி என்று எழுதுவதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. உண்மையான நோய்க்காரணி மெதுவாக வளர்வதாக இருந்தால், வேகமாக வளர்கிற சாறுண்ணி அதை மூடிவிடும். சதாசிவன் வைக்கோலை வைத்துக்கொண்டு பார்த்ததும் ஏறக்குறைய இந்த வரிசையைத்தான்: யார் முதலில் வருகிறார், யார் தங்குகிறார், யார் பிணத்தைத் தின்ன மட்டும் வருகிறார்.

வந்தது எந்த ஃபியூசேரியம் என்பது அடுத்த கேள்வி. நிறத்தை நம்ப முடியாது. ஒரே கல்ச்சர் ஒரு தட்டில் ஊதா, இன்னொன்றில் வெள்ளை. நம்ப வேண்டியது வித்துகளையும் அவை உண்டாகிற விதத்தையும். பெரிய வித்து அரிவாள்போல் வளைந்து, அடிச்செல் பாதம்போல இருக்கும். சிறிய வித்துகள் சில சிற்றினங்களில் மாலைபோல் கோத்து வரும், சிலவற்றில் ஈரமான உருண்டையாய்த் திரண்டு நிற்கும். அவற்றை உண்டாக்கும் செல்லுக்கு ஒரு வாய் உண்டா, பல வாய்களா என்று பார்க்க வேண்டும். தடித்த சுவர்கொண்ட ஓய்வு வித்துகள் உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரத்தில் மாலை கிடையாது, குட்டையான காம்பில் உருண்டை மட்டும். வெர்ட்டிசில்லியாய்டிஸில் நீளமான மாலை, ஓய்வு வித்து கிடையாது.

இந்த மாலையைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைக் கற்றபோது நான் பட்ட ஆனந்தம் இன்னும் நினைவிருக்கிறது. ஊசியால் கொஞ்சம் எடுத்து, ஸ்லைடில் லாக்டோஃபீனால் காட்டன் புளூ விட்டு மூடிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. திரவம் பட்ட நொடியில் மாலை உதிர்ந்துவிடும், உருண்டையும் கலைந்துவிடும். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சிதறிய வித்துக் குப்பையாக. அதனால் தட்டின் மூடியை மட்டும் எடுத்துவிட்டு, தட்டோடு நுண்நோக்கியில் வைத்து, சிறிய உருப்பெருக்கத்தில், எதையும் தொடாமல் பார்க்க வேண்டும். மாலைகள் காற்றில் நிற்கும். மூச்சு பலமாக விட்டால் ஆடும். தட்டில் சர்க்கரை அதிகமானால் பஞ்சுபோல் இழை வளர்ந்து எல்லாவற்றையும் மறைக்கும் என்று கார்னேஷன் இலைத்துண்டு போட்ட வெற்று அகாரில் வளர்ப்பார்கள். பூக்கடைக்கு ஊட்டிப் பக்கமிருந்தும் ஓசூரிலிருந்தும் வரும் கார்னேஷனோ மருந்தடித்து வளர்ந்தது. மருந்தில்லாத இலைக்கு நாங்கள் அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம்.

வகைப்பாட்டுக்காரர்களும் ஒத்துப்போனவர்கள் இல்லை. 1935-ல் வோலன்வெபரும் ரெய்ன்கிங்கும் ஃபியூசேரியத்தை 65 சிற்றினங்களாகப் பிரித்தார்கள். அதற்குள் வகைகள், வடிவங்கள் தனி. 1940களில் அமெரிக்காவின் ஸ்னைடரும் ஹான்சனும் இதெல்லாம் ஒரே பூஞ்சையின் வேஷங்கள் என்று ஒன்பதாகச் சுருக்கினார்கள். 1971-ல் பூத், 1983-ல் நெல்சன், டூசூன், மராசாஸ், 2006-ல் லெஸ்லியும் சம்மரெலும் என்று கையேடுகள் வந்தன; ஒவ்வொன்றிலும் எல்லைகள் நகர்ந்தன. இன்று டிஎன்ஏவை வைத்து முந்நூறுக்கும் மேல் என்கிறார்கள். ஃபியூசேரியம் சொலானியை அந்தப் பேரினத்திலேயே வைத்திருப்பதா, நியோகாஸ்மோஸ்போரா என்று வெளியே அனுப்புவதா என்று பெரியவர்கள் கட்டுரைகளில் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.

என் பழைய நோட்டுகளில் 'ஃபியூசேரியம் மொனிலிஃபார்மே' என்ற பெயர் ஏராளமாக இருக்கிறது. நெல்லின் அடித்தண்டு அழுகலுக்கும் அதே பெயர், மக்காச்சோளத் தண்டழுகலுக்கும் அதே பெயர், சோளக் கதிர்ப் பூசணத்துக்கும் அதே. அந்தக் காலத்துக்கு அது சரியான பெயர்தான். 1904-ல் அமெரிக்காவில் பூத்துப்போன மக்காச்சோளத்திலிருந்து ஷெல்டன் விவரித்த பெயர். பிறகு இனக்கலப்புச் சோதனைகளில் அது ஒன்றல்ல, ஒன்றோடொன்று சேராத பல கூட்டங்கள் என்று தெரிந்தது. மக்காச்சோளத்தில் வருவது வெர்ட்டிசில்லியாய்டிஸ், நெல்லில் வருவது ஃபூஜிகுரோய், சோளத்தில் ஒன்றுக்கு 1997-ல் தாப்சினம் என்று பெயர். மொனிலிஃபார்மே என்ற பெயரையே கைவிட்டுவிட்டார்கள். என் நோட்டில் இருக்கிற அத்தனை மொனிலிஃபார்மேயும் இன்றைய கணக்கில் எது? கல்ச்சர் உயிரோடு இருந்தால் சொல்லலாம். பாதிக்கு மேல் செத்துவிட்டது. கொஞ்சத்தைச் சிற்றுண்ணி தின்றுவிட்டது. முழுப் பெயர் இருக்கிறது, பொருள் இல்லை. அந்த 'எம்.யு.பி.எல்.' எண்ணின் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெயர் முழுசாக இருந்தும் போதாத கதையும் உண்டு. இலையுறைக் கருகலை உண்டாக்கும் ரைசோக்டோனியா சொலானி இந்திய நெல்லில் 1963-ல் பஞ்சாபின் குர்தாஸ்பூரிலிருந்து பதிவானது. இன்று நம் ஊரில் அது இல்லாத நெல்வட்டாரம் இல்லை. சாகுபடித் தண்ணீரில் அதன் கடுகளவு கட்டிகள் மிதந்து வயலுக்கு வயல் போகும். தட்டில் இதற்கு வித்தே வராது. பார்ப்பதற்கு இருப்பது இழை மட்டும்: செங்கோணத்தில் கிளைக்கும், கிளைக்கிற இடத்தில் சற்று இறுகும், கொஞ்சம் தள்ளி ஒரு குறுக்குச்சுவர். குன் 1858-ல் உருளைக்கிழங்கிலிருந்து வைத்த இந்தப் பெயருக்குள் பதின்மூன்று பெரிய குழுக்கள் ஒளிந்திருக்கின்றன. இரண்டு கல்ச்சர்களை எதிரெதிரே வளரவிட்டு, இழைகள் சந்திக்கும் இடத்தில் இணைகின்றனவா என்று பார்த்தால் ஒரே குழுவா என்று தெரியும். நெல்லுக்கு வருவது முதல் குழுவின் 1-ஏ பிரிவு. குழுவைச் சொல்லாமல் சிற்றினத்தை மட்டும் சொன்னால், அது நெல்லைத் தாக்குமா கிழங்கைத் தாக்குமா என்பதுகூடத் தெரியாது.

வேலைக்குப் போன ஒரு விதை நிறுவனத்தில் அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது. 'நோய்க்காரணி: பேரினம், சிற்றினம்' என்று இரண்டு கட்டம். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் மேலே போகாமல் திரும்பிவரும். நான் நிரப்பினேன். கையேடும் நுண்நோக்கியும் சொன்ன அளவுக்கு நியாயமாகத்தான் நிரப்பினேன். ஆனால் படிவம் கேட்கவில்லை என்றாலும் நான் நிரப்பியிருப்பேன். பழியைப் படிவத்தின்மேல் போடுவது அழகில்லை. கேட்டவர்களுக்குத் தேவைப்பட்டது விதைநேர்த்திக்கு எந்த மருந்து என்பது மட்டும். கார்பென்டசிம் என்றால் ஒரு கிலோ விதைக்கு இரண்டு கிராம், சூடோமோனாஸ் என்றால் பத்து கிராம். அந்த முடிவுக்கு மாலையும் வேண்டாம், உருண்டையும் வேண்டாம்.

சிற்றினம் உயிர்ப்பிரச்சினையாகும் இடம் வேறு. 1995-ல் தக்காணத்தில் அறுவடையின்போது மழையில் நனைந்த மக்காச்சோளத்தையும் சோளத்தையும் தின்ற கிராமத்து ஜனங்களுக்கு வயிற்றுவலியும் பேதியும் வந்தது. தானியத்தில் ஃபுமோனிசின் என்ற நச்சு. அதை மிகுதியாகச் சுரப்பது வெர்ட்டிசில்லியாய்டிஸும் அதன் நெருங்கிய சொந்தங்களும். அங்கே போய் 'ஃபியூசேரியம் எஸ்பி' என்று எழுதிவிட்டு வருவது பொறுப்பின்மை.

ஓய்வுக்குப் பிறகு பெருங்குடி அடுக்குமாடியில் பின்னறை என் ஆய்வகம். பழைய நுண்நோக்கி ஒன்று, பிரஷர் குக்கர் ஒன்று. குக்கர் சமையலுக்கு அல்ல. பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி, இருபது நிமிஷம். அடுப்பைக் குறைத்து நிறுத்தி வைக்க வேண்டும், விசில் எண்ணுகிற வேலை இங்கே ஆகாது. போன சம்பாவுக்கு நாற்றுவிட்டிருந்த சித்தப்பா, மதுராந்தகத்துப் பக்கமிருந்து ஒரு பாலிதீன் பையோடு வந்து நின்றார். பையில் அடைத்தால் செடி வேர்த்து பாக்டீரியா முந்திக்கொள்ளும், செய்தித்தாளில் சுற்ற வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் பாலிதீன்தான்.

"இன்னா பாப்பா, இத பாரு. மத்த நாத்தெல்லாம் ஒரு சாண் இருக்குது, இது மட்டும் தாவிக்கினு போவுது. நல்ல விதைன்னு நெனச்சேன். இப்போ சாவுது."

பார்த்ததுமே மனசு துள்ளியது. நெடுநெடுவென்று, மெலிந்து, வெளிறிய நாற்று. கீழ்க் கணுக்களில் மண்ணுக்கு மேலேயே வேர். அடியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருந்தது. ஜப்பானில் பக்கானே என்பார்கள். மதராஸ் மாகாணத்தில் 1931-லேயே கே.எம். தாமஸ் இதைப் பதிவு செய்துவிட்டார். அதற்குள் ஜப்பானியர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். 1898-ல் ஹோரி இதைப் பூஞ்சையின் வேலை என்று காட்டினார். 1926-ல் ஃபார்மோசாவில் குரோசாவா, பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சையே இல்லாமல் அந்தத் திரவத்தை மட்டும் கொடுத்தும் நாற்றை நீளவைத்தார். பிறகு 1935-ல் யபூட்டா அந்தப் பொருளுக்கு ஜிப்பெரெல்லின் என்று பெயரிட்டார். இன்று வீரிய நெல் விதை உற்பத்தியில் கதிரை வெளியே இழுக்கத் தெளிப்பதும், நாசிக்கில் விதையில்லாத் திராட்சையைப் பெரிதாக்கத் தெளிப்பதும் அதைத்தான். சித்தப்பாவின் நாற்றைக் கொன்ற சரக்கு கடையில் விலைக்குக் கிடைக்கிறது.

சித்தப்பாவின் நாற்றிலிருந்து தட்டில் இரண்டு பூஞ்சைகள் வந்தன. அடித்தண்டிலிருந்து ஒன்று: குட்டை மாலையும் உருண்டையும் கலந்து, பல வாய்ச் செல்கள். ஃபூஜிகுரோயாக இருக்கலாம், ப்ரோலிஃபெரேட்டமாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அழுகிய வேரிலிருந்து இன்னொன்று: ஆக்ஸிஸ்போரம் போலத் தெரிந்தது. பால்கனியில் டீ கப்புகளில் குக்கரில் வேகவைத்த மண்ணைப் போட்டு, வித்துக் கரைசலில் நனைத்த விதைகளை ஊன்றினேன். முதல் பூஞ்சை கொடுத்தவை நீண்டன. இரண்டாவது கொடுத்தவை சும்மா இருந்தன. எதுவும் கொடுக்காத ஒப்பீட்டுக் கப்பிலும் ஒரு நாற்று நீண்டது! கடை விதையிலேயே அது இருந்திருக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் விதையோடு வருவது. மண்ணில் சில காலம்தான் தாக்குப்பிடிக்கும். விதையைச் சுடுதண்ணீரில் நேர்த்தி செய்துவிட்டு மறுபடி ஊன்றியபோது ஒப்பீட்டுக் கப்பு அடங்கி நின்றது. நீண்ட நாற்றிலிருந்து அதே பூஞ்சை திரும்பவும் தட்டில் வந்தது.

கப்புகளுக்குத் தண்ணீர் ஊற்றிய நாட்களில் 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றித் திரும்பவும் படித்தேன். 1942-ல் வங்க நெல்லைத் தாக்கிய செம்புள்ளி நோய்தான் பஞ்சத்துக்கு முக்கியக் காரணம் என்று, கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த எஸ்.ஒய். பத்மநாபன் 1973-ல் எழுதினார். உணவு குறைந்தது காரணமல்ல, வாங்கும் சக்தி பறிபோனதே காரணம் என்று அமர்த்தியா சென் 1981-ல் வாதிட்டார். செம்புள்ளிப் பூஞ்சைக்கு அப்போது ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே என்று பெயர். பைபோலாரிஸ் என்ற பேரினத்துக்கு 1959-ல் கனடாவின் ஷூமேக்கர் கொண்டுபோனார். 1966-ல் எங்கள் சி.வி. சுப்பிரமணியனும் ஜெயினும் ட்ரெக்ஸ்லேராவில் வைத்தார்கள். இன்று பைபோலாரிஸ்தான் நிலைத்திருக்கிறது. பூஞ்சை வயலில் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. லட்சக்கணக்கான சாவை அதன்மேல் எவ்வளவு தூரம் எழுதலாம் என்பதில்தான் தகராறு. டீ கப்பு வைத்துப் பார்க்க முடியாத விஷயம் அது. என் சாய்வு சென் பக்கம்தான், பூஞ்சைப் பைத்தியமான நானே சொல்கிறேன்.

சித்தப்பாவிடம் செய்ய வேண்டியதைச் சொன்னேன். நீண்டதையெல்லாம் பிடுங்கி எரி, அடுத்த விதையை முட்டை மிதக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளு, நல்ல தண்ணீரில் அலசி நேர்த்தி செய்து விடு, இந்த வயல் நெல்லை விதைக்கு எடுக்காதே. தலையாட்டினார். ஆனால் அவருக்குப் பெயர் வேண்டியிருந்தது. பக்கத்து வயல்காரர் கேட்பாராம். உரக்கடைக்காரனிடம் எழுதிக் காட்ட வேண்டுமாம். ஃபியூசேரியம் என்றேன். அதற்குமேல் இல்லையா என்றார். "எல்லாத்துக்கும் ரெண்டு பேரு இருக்கும்னு நீதானே சொல்லுவ? பாதி பேர குடுத்து அனுப்புற?"

எத்தனையோ வருஷம் நான் பயந்த கேள்வியைக் கடைசியில் சித்தப்பா கேட்டார். கையில் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். வித்துகள் ஃபூஜிகுரோய்க் கூட்டம் என்று சொல்கின்றன, நாற்று நீண்டது ஃபூஜிகுரோயையே காட்டுகிறது, டிஎன்ஏ பார்க்கவில்லை. இந்த நிலைக்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் நடுவே 'சிஎஃப்' என்று போடுவது. இதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று அர்த்தம். ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: ஃபியூசேரியம் சிஎஃப் ஃபூஜிகுரோய். அதே வாசகத்தை, தேதி, ஊர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்ற விவரத்தோடு கல்ச்சர் குழாயிலும் ஒட்டினேன்.

அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "நடுவுல இன்னா பாப்பா, இனிஷியலா?"

ஆமாம் சித்தப்பா என்றேன்.